பதினேழு பிள்ளைகளின் தகப்பன்

“அக்கா, இங்க பாரு. இந்தக் குழந்தைக்கும் நம்ம கொள்ளுத்தாத்தாதான் அப்பா!”

தம்பியின் குரல் பதிவறையில் இருந்த நாலு பேரையும் நிமிர வைத்தது.

“மெதுவாப் பேசுடா” என்று அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

நூற்றுப் பத்து வருஷப் பழைய பிறப்புப் பதிவேடு. தாத்தா பிறந்த வரி காலையிலேயே கிடைத்துவிட்டது. ‘தந்தை பெயர்’ கட்டத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெயர். மூன்று தலைமுறையாகக் குடும்பமே தன் பெயருக்குப் பின்னால் சேர்த்து எழுதும் பெயர். அத்தோடு எழுந்து போயிருக்கலாம். பக்கத்தைப் புரட்டியதுதான் வினையாயிற்று.

“பதினஞ்சு... பதினாறு... பதினேழு. ஒரே வருஷத்துல பதினேழு பிள்ளைங்க, பதினேழு அம்மா!”

“நல்ல உழைப்பாளி” என்றார் அக்கா.

“சிரிக்காதே. இந்தப் பேர் எங்கிருந்து வந்துச்சுன்னு ரெண்டு வருஷமா அலைஞ்சிருக்கேன். கடலோடிங்க வெச்சுக்கற பேராம். தாத்தா அவங்கப்பாவைப் பாத்ததே இல்லையா, சரி, கப்பல்ல போனவர்தான்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் எழுதிப் போட்டேனே!”

“எங்கயும் போகலடா. ஒரே ஊர்ல நங்கூரம் போட்டுட்டாரு.”

“இதைக் கேளு. இது மருத்துவமனை வாசல்ல கிடந்த குழந்தையாம். அம்மா பேர் ‘தெரியவில்லை’. அப்பா மட்டும் இவராம்! வெட்கங்கெட்ட மனுஷன். இதுக்கு அந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருக்கலாம்.”

எதிர் மேசையில் கிழிந்த தாள்களை ஒட்டிக்கொண்டிருந்த பதிவறைக்காரம்மா தலையைத் தூக்கினார். “காலியா விட்டா அந்தக் காலத்துல பள்ளிக்கூடத்துல சேத்துக்க மாட்டாங்க சார்.”

தம்பி அதைக் காதில் வாங்கவில்லை. கைபேசியை எடுத்தார். கீழ்த்தளத்தில் அவருடைய மாப்பிள்ளை, பிறந்து பன்னிரண்டு நாளான பேரனின் பெயரை, மகள் ஆசைப்படி குடும்பப் பெயரோடு சேர்த்துப் பதிய வரிசையில் நின்றிருந்தார்.

“மாப்பிள்ளை, குடும்பப் பேர் வேண்டாம், எடுத்துடுங்க. குழந்தை பேர் மட்டும் போதும்... காரணம் அப்புறம் சொல்றேன்.”

பேசி முடித்தவர் பதிவேட்டைத் தள்ளி வைத்தார். ஒருவரை இரண்டு வருஷம் தேடி, கண்டுபிடித்த அன்றே இழப்பது லேசான காரியமில்லை.

“வா, போகலாம்.”

“அப்படியே போகக் கூடாது சார்.” பதிவறைக்காரம்மா ஒரு சீட்டை நீட்டினார். “பதிவேட்டு எண், பாத்த பக்கம், அதைப் பதிஞ்ச எழுத்தர் பேரு. மூணும் எழுதிக் குடுத்தாத்தான் திருப்பி வாங்குவேன்.”

“நீயே எழுதுக்கா. எனக்குக் கை ஓடல.”

அக்கா எண்ணை எழுதினார். பக்கத்தை எழுதினார். எழுத்தர் பெயருக்காகத் தாளின் அடியைப் பார்க்கக் குனிந்தவர், முந்தைய பக்கங்களையும் புரட்டி ஒவ்வொன்றின் அடியையும் பார்த்தார்.

பிறகு தம்பியின் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கினார்.

“மாப்பிள்ளை, பெரியத்தை பேசறேன். பதிஞ்சாச்சா? இல்லையா? நல்லதாப் போச்சு. குடும்பப் பேரைச் சேத்தே எழுதுங்க. முழுசா எழுதுங்க.”

“உனக்கென்ன பைத்தியமா? இவ்வளவு பாத்த பிறகும் அந்த ஆள் பேரா?”

அக்கா பதிவேட்டைத் தம்பியின் பக்கம் திருப்பி, தாளின் அடியில் விரலை வைத்தார். ‘பதிவு செய்த எழுத்தர்’ என்று அச்சிட்டிருந்த இடத்தில், நிதானமான சாய்வெழுத்தில், கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து.

“இவர் யாருக்கும் அப்பா இல்லடா. எந்தப் பிள்ளையோட கட்டத்தையும் காலியா விட மனசு வராத குமாஸ்தா.”