பொய் சொல்லும் மெஷின்

“திரும்பவும் பொய் சொல்லுது,” என்றாள் டாக்டர். பட்டையை மேசைமேல் எறிந்துவிட்டு, கோட்டுக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். பிரஷர் மெஷினின் திரையில் நூற்றுத் தொண்ணூறு மின்னிக்கொண்டிருந்தது.

அறை மூலையில் ஒரு பெரிய நாய், வயிற்றில் கட்டியோடு, யாரையும் தொந்தரவு செய்யாமல் படுத்திருந்தது. இதே மெஷினால் அதன் ஆபரேஷன் இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. இன்னும் தள்ளினால் கட்டி உள்ளேயே உடையலாம்.

நாய்க்குப் பலவீனமான இதயம். மயக்கத்தில் ரத்த அழுத்தம் சரிந்தால் மெஷின்தான் சொல்ல வேண்டும். பழைய மெஷின் ஒன்று கடைசிவரை நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்க, ஒரு பூனை இவள் கைக்கடியிலேயே உயிரை விட்டது. அன்றிலிருந்து எந்த மெஷினையும் சோதிக்காமல் அவள் கத்தியைத் தொடுவதில்லை.

வெளியே நாயின் சொந்தக்காரி, திரும்பவும் பட்டினி போட்டுக் கூட்டிவந்திருப்பதாகவும் இன்றைக்காவது நடக்குமா என்றும் கேட்டிருந்தாள். என்ன பதில் சொல்வது? டாக்டருக்குப் பின்மண்டை விண்விண்ணென்று தெறித்தது.

இப்போதெல்லாம் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறாய் என்று காலையில் கணவன் சொன்னது வேறு உறுத்தியது. விழாமல்? நம்பிச் சாய்ந்துகொள்ள ஒரு பொருள் உண்டா, ஒரு ஆள் உண்டா? தனக்குள்ளேயே ஏதோ ஒன்று முறுக்கேறிக்கொண்டே போவதுபோல் இருந்தது அவளுக்கு.

மெக்கானிக் வந்தார். போன இரண்டு தடவையும் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனவர்.

“நீங்க அந்தப் பக்கம் போனதும் ஆரம்பிச்சிடுது. உங்களைக் கண்டா மட்டும் அதுக்கு பயமா?” என்றாள் டாக்டர்.

நர்ஸ் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். மெக்கானிக் பட்டையைத் தன் கையில் கட்டிப் பார்த்தார். பிறகு நர்ஸின் கையில். பிறகு குனிந்து நாயின் முன்னங்காலில். ஒவ்வொரு எண்ணையும் டாக்டரிடம் காட்டினார். எதிலும் ஒரு தப்பும் இல்லை.

நாயின் காலிலிருந்து பட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“இத்தனை தடவையும் யாருக்குக் கட்டிப் பாத்தீங்க மேடம்?”

“மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி எப்பவும் என் கையிலதான் கட்டிப் பாப்பேன். அதுக்கென்ன?”

அவர் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

“நீங்க முதல்ல உக்காருங்க மேடம்.”