கஞ்சி படாத பாவு

மேலப்பாளையத்துத் தெருவில் விடிந்ததும் தறியில் ஏற்றவேண்டிய நூலை நாற்பது முழப் பாவாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். சாயநூல்மேல் இளவெயில் வழுக்குகிறது. மேற்கே பொதிகை மட்டும் கருத்துக் கிடக்கிறது. கஞ்சியில் தோய்த்த தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார் நெசவாளி பீர் மைதீன். ஒருதரம் கஞ்சி பட்டுவிட்டால் காயாமல் பாவைச் சுருட்ட முடியாது. காயுமுன் சாரல் விழுந்தால் ஒரு மாத உழைப்பும் பாழ். "மதராஸிலேருந்து தந்தி வந்திருக்கு அண்ணாச்சி, ஆபீஸ் சுவத்துல ஒட்டியாச்சு. இன்னைக்கு மழை கிடையாது" என்று மூன்றாம் தடவையாகச் சொல்கிறார் தபால்காரர் நேசையா. "மதராஸ்ல கிடையாதா, இங்கன கிடையாதா?" "தென்ஜில்லா பூராவும்னுதான் போட்டிருக்கு. தைரியமாப் பூசுங்க."

மதராஸில் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பொதிகைச் சாரலின் புத்தி எப்படித் தெரியும்? தூரிகை நுனியிலிருந்து கஞ்சி சொட்டுச் சொட்டாகப் புழுதியில் விழுகிறது. பீர் மைதீனின் கண் வானத்துக்குப் போகவில்லை. நேசையாவின் தோள்பையிலேயே நிற்கிறது. திறந்த பைக்குள் கடுதாசிக் கட்டு தண்ணீர் புகாத மெழுகுசீலையில் இறுக்கிப் பொதிந்திருக்கிறது. "பின்னே, இதுக்கு எதுக்குவே இந்தப் போர்வை?" நேசையா பையின் வாயைப் பைய மூடுகிறார். பீர் மைதீன் தூரிகையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு, தெருக்கோடியில் நிற்கும் ஆட்களைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்: "பாவைச் சுருட்டுங்கலே!"