பாதியாக அறுத்த இன்ஜின்

"கைப்பிடியை மெதுவா சுத்துங்க, மாமா!"

பயிற்சிப் பள்ளியில் மெக்கானிக் பாடம் நடத்தும் மாப்பிள்ளை சொன்னதும் மாமனார் சுற்றினார். பாதியாக அறுத்து வைத்திருந்த இன்ஜினுக்குள் பிஸ்டன்கள் ஏறி இறங்கின, வால்வுகள் திறந்து மூடின.

"அடேயப்பா! இத்தனை வருஷமா கார் ஓட்டுறேன், உள்ளே இப்படி ஒரு கூத்து நடக்குதுன்னு தெரியாமப் போச்சே! யாரு அறுத்தது?"

"எங்க பசங்கதான், மாமா."

"கெட்டிக்காரப் பசங்க! கையில தங்கக் காப்புதான் போடணும்!" குஷியாக மறுபடியும் சுற்றினார். "ஆமா, புகை வருதுன்னு உங்ககிட்ட விட்டேனே, என் கார் ரெடியா?"

மாப்பிள்ளை ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"உங்க இன்ஜினைக் கழட்டி, காயலான் கடை இன்ஜின் பக்கத்துல வெச்சிருந்தேன், மாமா. பசங்க மாத்தி அறுத்துட்டாங்க."

மாமனாரின் கை நின்றது. பிஸ்டன்களும் நின்றன.