துளைக்காத ட்ரில்

“மச்சான், உங்க கடையில வாங்கின குட்டி ட்ரில் நல்லாத்தான் சுத்துது. ஆனா சுவத்துல ஓட்டை விழ மாட்டேங்குது!”

கடைக்கார மச்சான் ட்ரில்லை வாங்கி, திரும்பி நின்று, ஒரு செங்கலில் வைத்து அழுத்தினார். வாழைப்பழத்தில் ஊசி போல இறங்கியது.

“வீட்டுல மட்டும் ஏன் மக்கர் பண்ணுது? படுக்கையறையில முதல்ல போட்ட ஓட்டையில பக்கத்து வீட்டு டிவியே தெரிஞ்சுது. இப்ப ஹால்ல பத்து கொக்கி மாட்டணும்!”

“பேட்டரி சூடா இருந்தா ஆறவிட்டு சார்ஜ் போடுங்க மாப்ள. முனையில மாட்டுற பிட்டை நல்லா இறுக்குங்க. ட்ரில்லுல காத்து போற ஓட்டையில தூசி அடையக் கூடாது.”

“எல்லாம் செய்றேன். உங்க தங்கச்சியும் பக்கத்துலயே நின்னு, ‘இன்னும் அழுத்துங்க’ன்னு உற்சாகப்படுத்துறா, பாவம்!”

மாப்பிள்ளை கிளம்பியதும் மச்சான் தங்கைக்குப் போன் செய்தார்.

“ரிவர்ஸ் பட்டனை அமுக்கி வைக்கிறது நீதானே? பின்பக்கமா சுத்தினா பிட்டு சுவரைத் தேய்க்கும், துளைக்காது.”

“ஹால் சுவரைக் காப்பாத்த வேற வழி தெரியலண்ணே. சொல்லிட்டியா?”

“சொல்வேனா? செங்கல்ல ஓட்டை போட்டுட்டு, மறுபடி ரிவர்ஸ்லயே வச்சுக் கொடுத்தேன்.”

“அப்பாடா!”

“ஆனா கிளம்பும்போது, ‘வேற ஏதாவது வேணுமா மாப்ள’ன்னு கடைப்பழக்கத்துல கேட்டுத் தொலைச்சுட்டேன்மா…”

“ஐயோ! என்ன வாங்கினாரு?”

“சுத்தியலும் உளியும்.”