இளைத்துப்போன மரங்கள்

"ஒரே வாரத்துல நாற்பது மரமும் இளைச்சுப் போச்சா, பர்ஜோ?"

ஆராய்ச்சி நிலையத்து ரத்ரி அம்மா இரண்டு தாள்களை என் முன்னால் நீட்டினார். அக்கேசியா சோதனைத் தோட்டத்தை என் மனைவி சுமினி போன வாரம் அளந்திருந்தாள். அளவு சரிதானா என்று பார்க்க, அவள் தாளைக் காட்டாமலே இந்த வாரம் என்னை அளக்க விட்டார்கள். என் தாளில் ஒவ்வொரு மரமும் அரை சென்டிமீட்டர் சுற்றளவு குறைந்திருந்தது.

"யாரோ ஒருத்தர் உட்கார்ந்த இடத்துலயே எழுதியிருக்கீங்க. யாருன்னு தெரியலைன்னா, நாளையிலேருந்து ரெண்டு பேருக்கும் குழி வெட்டுற வேலைதான்."

"இவரு நாடாவை இறுக்கியிருப்பாரும்மா," என்றாள் சுமினி.

"நீ தொளதொளன்னு விட்டிருப்பே!"

ரியாவ் மாகாணத்து வெயிலில் பத்து மரங்களைத் தனித்தனியாக மறுபடி அளந்தோம். அவளுக்கு அவளுடைய பழைய அளவே வந்தது. எனக்கும் என் அளவு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிசகவில்லை. அம்மா தலையைச் சொறிந்தார்.

"ஒரே மரத்துல ரெண்டு பேரும் சேர்ந்து நாடாவைச் சுத்துங்க பார்ப்போம்."

சுற்றினோம். என் நாடாவுக்கு ஒரு சாண் கீழே, மரம் சற்றே பருத்த இடத்தில் இருந்தது அவள் நாடா.

"நெஞ்சுக்கு நேரா அளக்கணும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?" என்றேன்.

அம்மா மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஒரு கம்பை அளந்து வெட்டி என் கையில் கொடுத்தார்.

"இனிமே ரெண்டு பேருக்கும் இதுதான் நெஞ்சு."

சுமினி என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"எங்கம்மா அப்பவே சொன்னா, இந்த ஆளு உனக்கு ரொம்ப உயரம்னு."