கஜபதி கேட்ட மூன்று கேள்விகள்

“‘ஜூன் 14, சனி. நேற்றைய கணக்கில் குழாய்க் கசிவைக் கழிக்க மறந்துவிட்டேன்.’ இன்னாம்மா இது? நாளைக்கு மீட்டிங்குல குடுக்கப் போற பேப்பரா?”

கஜபதி உரக்கப் படித்ததும் எழிலரசி தாளைப் பிடுங்கப் பார்த்தாள். அது அவளுடைய டைரிப் பக்கம். கூட்டத்துக்கான குறிப்புகளோடு டைரியையும் சேர்த்து நீட்டியிருந்தாள். ஜெராக்ஸ் கடை பூபாலன் அதையும் இருபது பிரதி எடுத்துவிட்டார்.

“மேல இருந்துச்சும்மா, போட்டுட்டேன்” என்று தலையைச் சொறிந்தார் பூபாலன்.

பகலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை, மாலையில் சிவில் டிப்ளமோ வகுப்பு என்று ஓடுகிறவள் எழிலரசி. திருநின்றவூரில் அவர்கள் வார்டுக்கு நாற்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்து பெரிய குழாய் வரலாமா, இல்லை இப்போதுபோல லாரித் தண்ணீரே போதுமா என்று நாளை கை தூக்கி முடிவு செய்யப் போகிறார்கள். வேண்டாம் என்றால் குழாய் பக்கத்து வார்டுக்குத் திரும்பிவிடும். பிறகு எத்தனை வருஷம் காத்திருப்பதோ!

குழாய்க்காகப் பேச அவளை விட்டால் ஆளில்லை. எதிர்த்துப் பேசப்போகிறவர் தண்ணீர் லாரி சங்கச் செயலாளரான இதே கஜபதி. தன் ஆட்சேபணை மனுவை நகலெடுக்கத்தான் அவரும் வந்திருந்தார்.

“கசிவையே மறந்துட்ட நீ, குழாய் கொண்டாரப் போறியா?”

“அது நேத்துண்ணா. இன்னைக்குச் சரி பண்ணிட்டேன். வார்டுல ஆறாயிரம் பேர். ஆளுக்கு நூத்தி முப்பத்தஞ்சு லிட்டர். நூத்துக்குப் பதினஞ்சு கசிஞ்சா, ஒம்பதரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல அனுப்பணும். அப்பதான் எட்டு லட்சத்துப் பத்தாயிரம் வந்து சேரும்.”

“இவ்ளோ கஷ்டம் எதுக்கு? லாரி கீதே!”

“உங்க லாரி பன்னெண்டாயிரம் லிட்டர். தினம் அறுபத்தெட்டு நடை அடிப்பீங்களா?”

பூபாலன் சிரித்துவிட்டார். “அண்ணாத்தே, மாட்னியா?”

“நீ மிஷினைப் பாரு, நைனா” என்று அவரை அடக்கிவிட்டு, கஜபதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சரி, ரெண்டாவது கேள்வி. பம்ப் ஓடிக்கினு கீறப்போ கரண்ட்டு பூட்ச்சுன்னா?”

“ஒரு நாள் தண்ணி புடிக்கிற மாதிரி மேல்நிலைத் தொட்டி கட்டணும். திட்டத்துலயே இருக்கு.”

“மூணாவது. முன்னாடி கீற ஊட்டுக்காரன் எல்லாத்தையும் புட்ச்சிப்பான். கடைசி ஊட்டுக்குக் காத்துதான் வரும். அதுக்கு இன்னா சொல்றே?”

இதை அவள் யோசிக்கவே இல்லை. பேச ஒத்துக்கொண்டதே தப்போ என்று தோன்றியது. வகுப்பில் வரைந்த படத்தை மனத்துக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

“வார்டை ரெண்டாப் பிரிச்சு நடுவுல வால்வு போடலாம். ஒரு பாதிக்குக் காலைல, மறு பாதிக்குச் சாயங்காலம். அப்ப கடைசி வீட்டுக்கும் அழுத்தம் கிடைக்கும்ண்ணா.”

“நிச்சயமா?”

“நிச்சயமா... எங்க கிளாஸ் சார்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கறேன்.”

“யாரையும் கேக்காத. கெத்தா சொல்லு! இன்னொரு வாட்டி சொல்லு பாப்போம்.”

அவள் இன்னொரு தடவை சொன்னாள். இம்முறை குரல் நடுங்கவில்லை. பூபாலன் பேப்பர் கட்டு எடுக்க உள்ளே போனார். கஜபதி எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நாளைக்கும் இதே மூணு கேள்விதான், இதே வரிசைலதான் கேப்பேன். இப்ப சொன்னியே, அத்த அப்டியே சொல்லு. சங்கத்துக்காரன், நான் எதுத்துத்தான் பேசியாவணும். ஆனா நீதான் கெலிக்கணும்.”

“ஏண்ணா?”

“எங்க சந்துல ஆட்டோவே நுழையாது, என் லாரி எங்க நுழையும்? தெனம் காலீல மெயின் ரோட்லருந்து பதினாலு குடம் தூக்கினு போறவன் நான்தாம்மா!”

அன்று டைரியில் எழிலரசி எழுதிய கடைசி வரி: ‘நாளை பத்து மணி, சமுதாயக் கூடம். கஜபதி அண்ணனை எல்லோர் முன்னாலும் தோற்கடிக்க வேண்டும்.’