பாதியில் நின்ற பெயர்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, வரப்போகும் காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

நோயாளிகளின் பெயர் பதிய ஊர் ஆஸ்பத்திரி இலவசமாக எடுத்துக்கொண்ட தரவுத்தள மென்பொருளைச் சம்பளமில்லாமல் பராமரித்தவள் ஸ்டெல்லா. மூச்சுத் திணறிய கணவனை அங்கே கொண்டுபோய்ப் பெயர் பதியும்போது மின்சாரம் போய் வந்தது. பாதியில் நின்ற பதிவு அழிந்துவிட்டது. பதிவில்லாதவருக்கு அங்கே கதவு திறக்காது.

பழுதென்றால் அவளையே கூப்பிடும் ஆஸ்பத்திரியின் கணினி மேலாளர் சிரித்தார். "மறுபடி வரிசையில வாங்கக்கா. பாதிப் பதிவை அழிக்கணும்னு எழுதி வச்சதே நீங்கதான?"

"நான் அழிக்கச் சொன்னது எழுத்தை. மனுசனை இல்லலே."

வாசலில் கிடந்த இரும்பு நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடிக் கதவை நொறுக்கினாள். கணவன் கிடந்த சக்கரக் கட்டிலைத் தானே உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

உங்கள் வீட்டில் யாருக்கு முடியாமல் போனாலும், திரையைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கிறவர் வாசலில் நிற்கட்டும், செல்லங்களா.